ஏட்டிலிருந்து எழும் குரல்: கல்முனைக் கரையின் இலக்கியமும் ஒளிப்பதிவும்

கவிஞர் நீலாவணன் 1975ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் காலமானார். இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு ஆரம்பமானது 1979இல். ரூபவாஹினி தனது சேவையைத் தொடங்கியது 1982இல். எனவே பெரியநீலாவணையிலே பிறந்து, கல்முனை எழுத்தாளர் சங்கத்துக்கு உயிரூட்டி, கிழக்கிலங்கைக் கவியரங்குகளிலே தனி ஓசையோடு ஒலித்த அக்கவிஞரை அசையும் படமாகக் காணும் பேறு இன்றைய மாணவனுக்கு வாய்க்கவில்லை. ‘வழி’ இருக்கிறது, ‘ஒத்திகை’ இருக்கிறது, அவரது மறைவுக்குப் பின்னர் 1982இல் நூலுருப்பெற்ற ‘வேளாண்மை’க் காவியம் இருக்கிறது. ஆனால் அவ்வரிகளை அவர் எப்படிச் சொன்னார், எந்த இடத்தில் நிறுத்தினார், எந்தச் சொல்லைத் தாழ்த்தி எதனை உயர்த்தினார் என்பதெல்லாம் அவரை நேரிற் கேட்டவர்களின் ஞாபகத்தில் மாத்திரமே உண்டு. அந்த ஞாபகமும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது.

இன்று நிலைமை தலைகீழ். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை ஒளிப்படக் கருவி இல்லாத சட்டைப்பை அரிது. கவிதையொன்றை வாசித்துப் பின்னணி இசை சேர்த்து, கடலையும் வயலையும் காட்டி, இரண்டு நிமிடக் காணொளியாக வெளியிடுவது இளைஞர் பலருக்குக் கைவந்த வேலையாகிவிட்டது. சிறுகதைகள் குறும்படங்களாகின்றன. 2020ஆம் ஆண்டின் கொவிட் முடக்கக் காலத்திலே கவியரங்குகளே கணினித் திரைக்குக் குடிபெயர்ந்தன. மூத்தோர் சிலர் இதனை வாசிப்பின் மரணமென்று கவலையுறுகின்றனர். இளையோர் சிலரோ படமும் பாட்டும் சேர்ந்துவிட்டால் இலக்கியம் பிறந்துவிடும் என்று நம்புகின்றனர். இரண்டு கருத்துகளையும் சற்றே தள்ளிவைத்து, எழுத்திலே உறங்கும் இலக்கியம் ஆற்றுகையிலும் ஒளிப்பதிவிலும் எவ்வாறு உயிர்பெறுகின்றது, எந்த இடத்தில் உயிரை இழக்கின்றது என்பதை இக்கரையின் அனுபவத்தைக் கொண்டு நோக்குவது பயனுடையது என நாம் கருதுகிறோம்.

முதலில் ஒன்றைக் கூற வேண்டும். இலக்கியத்தைக் கண்ணாலும் காதாலும் அனுபவிப்பது இப்பிரதேசத்துக்குப் புதிதன்று. அமைதியாக, தனியே, கண்ணால் மட்டும் வாசிப்பதுதான் இங்கு பிந்தி வந்த பழக்கம். பாண்டிருப்பு திரௌபதை அம்மன் ஆலயத்திலே புரட்டாதி உற்சவம் நடைபெறும் பதினெட்டு நாட்களிலும் மகாபாரதம் படிக்கப்படுவதோடு நின்றுவிடுவதில்லை. பாண்டவர் வனவாசம் போகின்றனர். அருச்சுனன் தவநிலை ஏறுகின்றான். முடிவில் ஊரே தீக்குழியின் முன் நிற்கின்றது. நூலொன்று தெருவிலே நடக்கின்றது என்று சொல்வதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் எங்கே கிடைக்கும்? கண்ணகை அம்மன் ஆலயங்களில் வைகாசிச் சடங்கின்போது ‘கண்ணகி வழக்குரை’ பாடப்படுகின்றது. முஸ்லிம் இல்லங்களிலே சீறாப்புராணம் ஒருவர் இசையோடு படிக்க, இன்னொருவர் பொருள் சொல்ல, சுற்றியிருந்தோர் கேட்டு அனுபவித்த காலம் நமது பாட்டன்மாரின் காலம்தான். மருதமுனையின் புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீன் போன்றோர் அந்தப் படிப்பு மரபிலிருந்து எழுந்த புலமையாளர்கள். றபானோடு பாடும் பக்கீர்மார், கலியாண வீட்டு முற்றத்தில் பொல்லடி அண்ணாவியார், இரவிலே வயற்பரணில் காவலிருந்தபடி கவி பாடியவர், கரைவலை இழுக்கும்போது அம்பா சொல்லியவர் ஆகிய அனைவரும் எழுதப்படாத இலக்கியத்தின் ஆற்றுவோரே.

காரைதீவு பெற்றெடுத்த சுவாமி விபுலாநந்தரை இவ்விடத்தில் நினையாதிருக்க முடியாது. 1926இல் வெளிவந்த ‘மதங்க சூளாமணி’யில் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழுக்கு அறிமுகம் செய்து, அவற்றைத் தமிழ்க் கூத்திலக்கணத்தோடு பொருத்திப் பார்த்தவர் அவர். அவருடைய பெருநூலான ‘யாழ் நூல்’ சிலப்பதிகார அரங்கேற்று காதையின் சில வரிகளுக்கு விளக்கமாகத் தொடங்கி விரிந்தது. அதை அவர் ஏட்டோடு விட்டுவிடவில்லை. 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரிலே அந்நூல் அரங்கேறியபோது, நூலிற் கூறிய கணக்குகளின்படி அமைக்கப்பட்ட யாழ்களும் அரங்குக்கு வந்தன, இசைக்கப்பட்டன. அடுத்த மாதமே சுவாமிகள் மறைந்தார். ஒரு காப்பியத்தின் சில அடிகளைப் புரிந்துகொள்வதற்கு அவற்றின் ஓசையைக் காதாற் கேட்டேயாக வேண்டும் என்று ஒருவர் தம் வாழ்நாளையே செலவிட்டார் என்பது எளிய செய்தியன்று.

நவீன கவிதைக்கு வருவோம். எம். ஏ. நுஃமானும் அ. யேசுராசாவும் தொகுத்து 1984இல் வெளிவந்த ‘பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்’ என்ற தொகுதியை எடுத்துப் பாருங்கள். பதினொருவரிலே நீலாவணன், நுஃமான், சண்முகம் சிவலிங்கம் ஆகிய மூவர் கல்முனையைச் சுற்றிய சில மைல் தூரத்துக்குள் பிறந்தவர்கள். ஒருவர் பெரியநீலாவணை, ஒருவர் கல்முனைக்குடி, ஒருவர் பாண்டிருப்பு. யாழ்ப்பாணத்துக் கவிஞர் மஹாகவியின் ‘கோடை’ என்ற பா நாடகத்தை 1970இல் நூலாக வெளியிட்டதும் கல்முனை வாசகர் சங்கமே. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மேசையிலிருந்து கவிதை பேசிய காலம் அது. பிரதேச செயலக எல்லைக்காக 2019இல் கல்முனையிலே உண்ணாவிரதம் இருக்க நேர்ந்த நமக்கு, அம்மேசை இப்போது தொலைவில் தெரிகின்றது.

அந்தத் தலைமுறையின் கவிதைக்கும் நாம் பேசும் பொருளுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அவர்கள் மரபான யாப்பைக் கைவிடவில்லை. ஆனால் யாப்பின் தாளத்துக்குள்ளே மனிதரின் பேச்சோசையைக் கொண்டுவந்தார்கள். அடிகளைச் சீர்பிரித்து அச்சிடாமல், பேசுகின்ற வாக்கியம் முறியும் இடங்களிலே முறித்து அச்சிட்டார்கள். அச்சுப் பக்கத்தைப் பார்ப்பவன் இதைப் புதுக்கவிதையென்று மயங்குவான். ஓதிக் காட்டினால்தான் உள்ளே வெண்பாவோ அகவலோ ஓடுவது கேட்கும். நீலாவணனின் ‘மழைக்கை’, மஹாகவியின் ‘கோடை’ போன்ற பா நாடகங்களின் வெற்றியும் இதிலேதான் தங்கியிருந்தது. பாத்திரம் பேசுகின்றது, பார்வையாளர் செய்யுளைக் கேட்பதாக உணரவில்லை, எனினும் செய்யுளின் இழுப்பு அவர்களைப் பிடித்து வைத்திருக்கின்றது. இத்தகைய கவிதையை ஒருவர் வாய்விட்டுச் சொல்லாதவரை அதன் பாதி அச்சிலே மறைந்து கிடக்கின்றது. ஆதலால் நவீன ஈழக் கவிதைக்கு ஆற்றுகை என்பது மேலதிக அலங்காரமாக வந்து சேர்ந்ததன்று.

1980களின் முற்பகுதியிலே யாழ்ப்பாணத்தில் ‘கவிதா நிகழ்வு’ என்ற வடிவம் உருவானமையும் இத்தொடர்ச்சியிலேயே நோக்கத்தக்கது. கவியரங்கத்தில் கவிஞர் தாமே தமது கவிதையைச் சொல்வார். கவிதா நிகழ்விலோ நடிகர்கள் பிறர் கவிதையை ஏற்று, குரலைப் பங்கிட்டு, மேடையில் நகர்ந்து, சில வரிகளைக் கூட்டாகவும் சிலவற்றைத் தனித்தும் சொன்னார்கள். தமிழ் அவைக்காற்று கலைக் கழகத்தின் நிகழ்வுகள் அக்காலத்து வாசகரல்லாத பலரையும் கவிதையின் அருகே கொண்டுவந்தன. 1985இல் மேடையேறிய ‘மண் சுமந்த மேனியர்’ நாடகம் கவிதையைத் தன் உடலாகவே கொண்டிருந்தது. போரின் நெருக்கடிக்குள்ளே, அச்சகமும் காகிதமும் அரிதான நாளிலே, பல நூறு பேருக்கு ஒரு கவிதை சென்றடைய வேறு வழியும் இருக்கவில்லை.

இனி ஒளிப்பதிவு. இதிலே இரு வேறு வேலைகள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. கவிஞர் தமது கவிதையைச் சொல்வதைப் பதிவது ஒன்று. கவிதையை அல்லது கதையை மூலமாகக் கொண்டு புதிய படைப்பொன்றை ஆக்குவது மற்றொன்று. முன்னையது சாட்சியம். பின்னையது விளக்கவுரை, சில வேளை மறுவாசிப்பு. சாட்சியத்துக்கு வேண்டியது தெளிவான ஒலி, அசையாத கருவி, அவசரமின்மை ஆகியவையே. ஆனால் நம் இளைஞர்கள் சாட்சியத்தின் மேலே விளக்கவுரையைப் பூசிவிடுகின்றனர். கவிஞர் பேசத் தொடங்குமுன்னரே புல்லாங்குழல் அழத் தொடங்குகின்றது. கவிஞரின் முகம் மறைந்து சூரியன் மறைகின்றது. கலியாண வீடியோவிலே பயின்ற கைகள் ஆதலால் இடையிடையே ரோஜா இதழ்களும் உதிர்கின்றன. இருபது ஆண்டுகள் கழித்து அக்கவிஞரின் குரலைத் தேடி வரும் ஆய்வாளன் அந்தப் புல்லாங்குழலை எப்படிக் கழற்றி எடுப்பான்?

படைப்பாக்கத்திலே பிழை வேறு வகையானது. சொல் காட்டுவதையே படமும் காட்டுவதுதான் அப்பிழை. கல்முனையின் சோலைக்கிளியை எடுத்துக்கொள்வோம். ‘எட்டாவது நரகம்’, ‘காகம் கலைத்த கனவு’, ‘பாம்பு நரம்பு மனிதன்’ என்று நூற்பெயர்களிலேயே அவரது உலகம் தெரிகின்றது. விலங்கும் பறவையும் மரமும் மனிதனுக்குள்ளே புகுந்து வெளியேறும் படிமங்கள் அவை. காகம் என்ற சொல் வந்தவுடன் திரையிலே காகத்தைக் காட்டினால், வாசகன் மனத்தில் ஓராயிரம் வடிவம் எடுக்கக்கூடிய காகம் கம்பியில் உட்கார்ந்த ஒற்றைக் காகமாகச் சுருங்கிவிடுகின்றது. அப்படியானால் எதைக் காட்டுவது? வெறும் முற்றத்தைக் காட்டலாம். காயப்போட்ட நெல்லைக் காட்டலாம். கனவு கலைந்தெழுந்த மனிதனின் முகத்தை, அவன் சொல்வதறியாமல் தண்ணீர் குடிப்பதைக் காட்டலாம். சொல்லும் படமும் ஒன்றையொன்று திருப்பிச் சொல்லாமல் ஒன்றுக்கொன்று பதில் சொல்லவேண்டும்.

நுஃமானின் ‘புத்தரின் படுகொலை’ இன்னும் நுட்பமான சோதனை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை அடுத்து எழுந்த அக்கவிதை, கல்முனைக்குடியிற் பிறந்த முஸ்லிம் கவிஞர் ஒருவரால் எழுதப்பட்டு, தமிழர் துயரத்தின் மிகப் பரவலான குரல்களில் ஒன்றானது. எரிந்த கட்டடத்தின் பழைய ஒளிப்படங்கள் ஏராளம் உள்ளன. அவற்றை வரிசையாக ஓடவிட்டால் கவிதை செய்தித் தொகுப்பாகிவிடும். கவிதையின் அங்கதம் அதன் அமைதியான, ஏறக்குறைய உத்தியோகபூர்வமான தொனியிலே இருக்கின்றது. அதை ஆவேசமாகக் கத்தி வாசிப்பவர் கவிதையைக் கொல்கிறார். அறிக்கை வாசிக்கும் குரலில், எவ்வித இசையும் இன்றி, வெற்று அலுமாரித் தட்டுகள் சிலவற்றின் மீது சொல்லிப் பாருங்கள். கேட்பவன் தானாகவே நிமிர்ந்து உட்காருவான்.

கதைகளைப் பொறுத்தவரை நமக்கு மிகப் பெரிய முன்னுதாரணம் மட்டக்களப்பு அமிர்தகழியிலே பிறந்த பாலு மகேந்திரா. திரைப்படத்திலே புகழின் உச்சத்தைக் கண்ட பின்னர், 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்திலே அவர் தொலைக்காட்சிக்காகச் செய்த ‘கதை நேரம்’ தொடரில் தமிழ்ச் சிறுகதைகள் பல குறும்படங்களாயின. பெரிய செலவில்லை, பாட்டில்லை. சில நடிகர்கள், ஒரு வீடு, இயற்கை வெளிச்சம், கதாசிரியரின் பெயர் ஆகியவைதாம். எழுத்தாளரின் பெயரை மரியாதையோடு முன்வைத்து, கதையின் மையத்தைக் கலைக்காமல், உரையாடலைக் குறைத்துப் பார்வையிலே சொல்லும் அவரது முறை இன்றைக்கும் பாடமாக உள்ளது. குறும்படம் எடுக்க விரும்பும் நம் இளைஞர்கள் கருவி வாங்குமுன்னர் அத்தொடரிலே நான்கைந்தையாவது பார்த்துவிடுதல் நலம். பாண்டிருப்பின் உமா வரதராஜன் எழுதிய ‘அரசனின் வருகை’ போன்ற உருவகக் கதையைப் படமாக்க முனைபவருக்கு முதலிலே எழும் கேள்வி, அரசனுக்கு எந்த முகத்தைக் கொடுப்பது என்பதாகும். எழுத்திலே அரசனுக்கு முகமில்லை. அதுவே அக்கதையின் பலம். முகம் கொடுத்தால் அவன் ஒருவனாகிவிடுவான். இத்தகைய தீர்மானங்களே ஒளிப்பதிவாளனை வாசகனாக மாற்றுகின்றன. நல்ல வாசகனல்லாதவனால் நல்ல இலக்கியப்படம் எடுக்க இயலாது என்பது நமது துணிபு.

பிரதேச மொழியின் விடயம் தனித்து நோக்கத்தக்கது. வட்டை, வாடி, பரண், களவெட்டி, சூடு மிதித்தல், பொலி, போடியார் ஆகிய சொற்கள் நீலாவணனின் ‘வேளாண்மை’யைப் படிக்கும் மாணவனுக்கு இன்று அடிக்குறிப்பு வேண்டும் சொற்களாகிவிட்டன. அறுவடை இயந்திரம் வயலுக்குள் இறங்கிய பின்னர் மாடுகள் வளைந்து மிதித்த களத்தை அவன் கண்டதேயில்லை. மருதமுனையின் கைத்தறிச் சத்தமும் முன்பு போல ஒவ்வோர் ஒழுங்கையிலும் கேட்பதில்லை. அச்சத்தத்தின் நடுவே வாழ்ந்த மனிதரை எழுதிய மருதூர்க்கொத்தன் 2004இல் மறைந்துவிட்டார். அகராதி ஒரு சொல்லுக்குப் பொருள் தரும். அச்சொல் எந்த வெயிலில், எந்த வியர்வையில் சொல்லப்பட்டது என்பதை அகராதி தராது. முதிய விவசாயி ஒருவர் களத்து மொழியைத் தாமே செய்து காட்டி விளக்கும் பத்து நிமிடப் பதிவு காவியத்துக்கு எழுதப்படும் நூறு பக்க உரைக்கு நிகரானது.

சாய்ந்தமருதுக் கவிஞர் அனார் தொகுத்து, 2013இல் ‘பொடுபொடுத்த மழைத்தூத்தல்’ என்ற பெயரில் வெளிவந்த கிழக்கிலங்கைக் கிராமியப் பாடல்களின் தொகுதி அரிய பணி. உம்மாமாரும் மூத்தம்மாமாரும் வாய்மொழியாகக் காத்துவந்த கவிகள் அதனால் அச்சேறின. எனினும் அச்சிலே ஏற முடியாத ஒன்று உண்டு: மெட்டு. கவியின் கடைசி அசையை இழுத்து, மூச்சை வாங்கி, எதிரே இருப்பவர் பதில் கவி சொல்லும்வரை காத்திருக்கும் அந்த இடைவெளியை எந்த எழுத்துரு காட்டும்? நூல் முதற்படியைச் செய்துவிட்டது. அடுத்த படி ஒலிவாங்கியோடு அவர்களது திண்ணைக்குப் போவது.

இங்கேதான் மிகவும் கவனமாகக் கையாள வேண்டிய கேள்வி எழுகின்றது. கவியைப் பெரிதும் காத்தவர்கள் பெண்கள். நவீன கவிதையிலும் கிழக்கின் முஸ்லிம் பெண்கள் முன்வரிசையில் நிற்கின்றனர். அனாரின் ‘எனக்குக் கவிதை முகம்’ தொகுதிக்கு விருது கிடைத்ததை நாமறிவோம். ஆனால் ஒளிப்படக் கருவியின் முன்னே முகம் காட்டுவதற்கு எல்லோரும் விரும்புவதில்லை. விருப்பமின்மைக்கு மார்க்கப் பேணுதல், குடும்ப நிலைமை, வெறும் கூச்சம் எனக் காரணங்கள் பல. அவற்றை ஆராய்ந்து தீர்ப்பளிப்பது பதிவு செய்யப் போகிறவனின் வேலையன்று. தமிழகத்துக் கவிஞர் சல்மாவின் வாழ்க்கை 2013இல் ஆவணப்படமானபோது, மறைந்திருந்து எழுதிய பெண்ணொருவர் உலகத் திரையிலே தம் பெயரோடும் முகத்தோடும் தோன்றினார். அது அவர் தெரிவு. வேறு தெரிவுகளும் உண்டு. ஈரானின் பெருங்கவிஞர் ஃபுரூக் ஃபரூக்ஸாத், தொழுநோயாளர் குடியிருப்பொன்றைப் பற்றி 1962இல் ‘வீடு இருண்டிருக்கிறது’ என்ற குறும்படத்தை எடுத்தார். ஏறத்தாழ இருபது நிமிடம் ஓடும் அப்படத்தை நடத்திச் செல்வது அவருடைய குரல். அக்குரலிலே வேத வாசகங்களும் அவரது சொந்தக் கவிதையும் கலந்து வருகின்றன. கவிஞரின் முகத்தைக் காட்டாமலே கவிதைப் படத்தின் உச்சமொன்றை எட்ட முடியும் என்பதற்கு அது அறுபது ஆண்டு பழைமையான சான்று. பாய் பின்னும் கைகள், அரிசி புடைக்கும் சுளகு, சாளரத்துத் திரையின் அசைவு, மேலே ஒரு குரல். குரலும் வேண்டாமென்றால் அவர் தெரிந்தெடுக்கும் இன்னொருவர் வாசிக்கலாம். அனுமதியைக் கேட்கவும், கொடுத்த அனுமதியைப் பின்னர் மீளப்பெறவும் வழி வைத்திருக்க வேண்டும்.

இசை பற்றியும், நபிமார் வரலாற்றைத் தொடும் இலக்கியத்தைக் காட்சிப்படுத்துதல் பற்றியும் நம் ஊர்களிலே உலமாக்களுக்கும் கலைஞர்களுக்கும் இடையே கருத்து வேறுபாடு உண்டு. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. அரபு உலகும் இதே வாதத்தைக் கண்டது. பலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷின் கவிதையொன்றை லெபனான் பாடகர் மார்சல் கலீபா பாடினார். யூசுப் நபியின் கதையை நினைவூட்டும் அக்கவிதையில் திருக்குர்ஆன் வசனமொன்றின் பகுதி இடம்பெற்றிருந்தமையால் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 1999 டிசம்பரில் பெய்ரூத் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. தர்வீஷ் நமக்கு அந்நியரல்லர். 1981இல் நுஃமான் தந்த ‘பலஸ்தீனக் கவிதைகள்’ வழியாக அக்கவிதை மரபு கல்முனையின் தேநீர்க் கடைவரை வந்து சேர்ந்தது. நமது சூழலில் இவ்வாதத்துக்கு நடைமுறை வழியொன்று ஏற்கனவே உள்ளது. வாத்தியம் வேண்டாதவர்களுக்கு வாத்தியமே தேவைப்படாத வளமான மரபு கையிலிருக்கின்றது: கவி, சீறா ஓதல், அம்பா, பொல்லடியின் கம்போசை. நம் கருத்திலே இரவல் பின்னணி இசையைவிட இவை கவிதைக்கு நன்கு பொருந்தும். கடலின் ஓசையும் இலவசமாகக் கிடைக்கின்றது.

பதிவதோடு வேலை முடிவதுமில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கரையோர வீடுகளோடு கையெழுத்துப் பிரதிகளும் ஒலிநாடாக்களும் குடும்பப் படங்களும் போயின. மனித உயிரின் முன்னே இவற்றை எண்ணிப் பார்க்க அன்று எவருக்கும் மனம் வரவில்லை. ஒரே வீட்டில் ஒரே பிரதியாக வைத்திருப்பதன் ஆபத்தை நாம் விலை கொடுத்துக் கற்றோம். வளைகுடா நாடுகளிலிருந்து வந்த வீடியோக் கருவிகளோடு 1980களிலே தொடங்கிய ஒளிநாடாப் பதிவுகளுக்கோ அலை வரத் தேவையில்லை. நமது ஈரக்காற்றிலே பூஞ்சணம் போதும். அலுமாரிக்குள்ளே கிடக்கும் நாடக விழா, கவியரங்கு, பரிசளிப்பு விழா நாடாக்களை இனியும் தாமதியாமல் கணினிக்கு மாற்ற வேண்டும். முகநூலில் இட்டுவிட்டோம் என்று ஆறுதலடைவோருக்கு ஒரு வார்த்தை: கணக்கு முடக்கப்பட்டால் அதுவும் போய்விடும், இன்றிருப்பினும் மூன்றாண்டு முந்திய பதிவொன்றைத் தேடிப் பிடிக்க முயன்று பாருங்கள். 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனம் அச்சுப் பிரதிகளோடு ஒலி, ஒளி ஆவணங்களையும் சேர்த்து வருகின்றது. ஒலுவிலில் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறு ஆண்டே பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இக்கரையின் நடுவிலேயே இருக்கின்றது. அதன் உருவாக்கத்துக்கு உழைத்த எம். எச். எம். அஷ்ரஃப் அவர்களே ‘நான் எனும் நீ’ என்ற கவிதைத் தொகுதியின் ஆசிரியர் என்பதால், கவிஞர்களின் குரலுக்கு அங்கே ஓரிடம் கேட்பது உரிமையோடு கேட்கும் கேள்விதான்.

பாடசாலைகளிலே இதற்கான அத்திவாரம் உண்டு. தமிழ்மொழித் தினப் போட்டிகளில் பாவோதலும் இலக்கிய நாடகமும் ஆண்டுதோறும் இடம்பெறுகின்றன. ஆனால் பாவோதல் என்றால் கையை நீட்டி, குரலை நடுங்கவைத்து, ஒவ்வோர் அடியையும் ஒரே இழுப்பில் முடிப்பது என்றொரு வாய்பாடு உருவாகிவிட்டது. நடுவர்களும் அதற்கே புள்ளி வழங்குகின்றனர். அமெரிக்காவிலே 1997இல் அரசவைக் கவிஞராக இருந்த றொபேட் பின்ஸ்கி, சாதாரண மக்களிடம் உங்களுக்குப் பிடித்த கவிதை எது என்று கேட்டார். 18 ஆயிரம் பேர் எழுதினர். அவர்களிலே தெரிந்தெடுத்த ஐம்பது பேர் தத்தம் வேலைத்தலத்திலோ வீட்டிலோ நின்று அக்கவிதையைச் சொல்வதையும், அது ஏன் பிடிக்கும் என்று விளக்குவதையும் குறும்படங்களாகப் பதிந்தார்கள். நடிப்பில்லை, நடுக்கமும் இல்லை. பாண்டிருப்புத் தையற்காரர் ஒருவர் சண்முகம் சிவலிங்கத்தின் ‘நீர் வளையங்க’ளிலிருந்து ஒரு கவிதையை வாசிப்பதையும், கல்முனைக்குடிக் கரைவலைத் தொழிலாளி நீலாவணனை வாசிப்பதையும், காரைதீவு ஆசிரியை அனாரை வாசிப்பதையும் நாம் கற்பனை செய்து பார்க்கலாம். சண்முகம் சிவலிங்கம் 2012இல் மறைந்தார். அவருடன் பழகியவர்கள் இன்னும் அதே தெருக்களில் இருக்கின்றனர். அவர் கவிதை சொன்ன விதத்தைச் சொல்லிக் காட்டக்கூடியவர்களும் அவர்களுள் உண்டு.

இவ்வேலைக்குப் பெரும் நிதி தேவையில்லை. எழுத்தாளரிடமோ அவரது வாரிசிடமோ எழுத்திலே பெற்ற ஒப்புதல் ஒன்று, கவிஞரின் பெயரும் நூலின் பெயரும் ஆண்டும் தெளிவாகத் தெரியும் தலைப்பட்டை ஒன்று, பேச்சு வழக்குச் சொற்களை வெளியூரார் பின்தொடர்வதற்கான எழுத்துவரி ஒன்று, வெவ்வேறு ஊர்களில் வைத்துள்ள மூன்று பிரதிகள் ஆகியவை போதும். பணம் இருந்தால் ஒளிப்படக் கருவிக்கு முன்னர் நல்ல ஒலிவாங்கிக்குச் செலவிடுங்கள். நமது கரையிலே மார்கழியில் மழை விடாது. ஆண்டின் நடுப்பகுதியில் கச்சான் எழுந்தால் தென்னோலைச் சத்தத்தில் வீட்டுக்குள்ளேயே பேச்சுக் கேளாது. சுபஹுத் தொழுகை முடிந்து, கோயில் மணியும் ஓய்ந்து, முச்சக்கர வண்டிகள் வீதிக்கு வருவதற்கு முந்திய அந்த ஒரு மணித்தியாலமே பதிவுக்கு ஏற்ற நேரம். முதியவர்களும் அந்நேரத்தில் விழித்திருப்பார்கள்.